தாத்தா கற்ற அடவு

சென்ற ஆண்டு விஜயதசமியன்று என் பேத்தியை நாட்டியத்தில் சேர்த்தோம். சேர்த்தோம் என்று பன்மையில் எழுதுவது மரியாதை கருதியேயன்றி உண்மை கருதியன்று. மகனும் மருமகளும் காரியாலயம் செல்பவர்கள். தில்லியின் நெரிசலைக் கடந்து அவர்கள் வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்து வெகுநேரமாகிவிடும். ஆகவே தாம்பாளத்தில் தேங்காய் பழம் வெற்றிலை பாக்கு வைத்துக் குருதட்சிணையுடன் குழந்தையை அழைத்துச் சென்றது முதல், செவ்வாய்தோறும் வியாழன்தோறும் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வாசலில் காத்திருப்பது வரை எல்லாம் என் இலாகாவாயிற்று. ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு ஓய்வு என்பது எழுத்தளவில்தான் உண்டு என்பதை நேயர்கள் அறிவார்கள்.

ஆசிரியை ஜனக்புரியில் தம் வீட்டின் கீழ்த்தளத்தையே வகுப்பாக வைத்திருக்கிறார். வாசல் தாழ்வாரத்தில் ஐந்தாறு நாற்காலிகள். அவற்றில் என்னைப் போன்ற தாத்தாக்களும் பாட்டிமார்களும் அமர்ந்திருப்போம். என் பக்கத்து நாற்காலிக்கு நிரந்தர உரிமையாளர் ஒரு பஞ்சாபி மூதாட்டி. அவருடைய பேத்தியும் என் பேத்தியும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கு மூலகாரணம் அந்த அம்மையார்தாம்.

முதல் நாளே உள்ளேயிருந்து ஆசிரியையின் குரல், "அரைமண்டி! அரைமண்டி!" என்று ஒலித்தது. மூதாட்டி திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "பாயி சாஹிப், குழந்தைகளை எந்த மண்டிக்கு அனுப்பப் போகிறார்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார். அவருடைய ஐயம் நியாயமானதே. தில்லிவாசிக்கு மண்டி என்றால் ஆஸாத்பூர். காய்கறி மூட்டைகள், லாரிகள், கூச்சல். அந்த மண்டியில் பாதிக்கு ஒரு பெண் குழந்தையை ஏன் அனுப்ப வேண்டும்?

நான் மதராஸி. நாட்டியமோ மதராஸ் சரக்கு. எனவே எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அம்மையாரின் நம்பிக்கை. முப்பத்தைந்து ஆண்டுகள் மத்திய சர்க்காரின் கணக்கிலாகாவில் பணிபுரிந்தவன் நான். பயணப்படி விதிகளைக் கேட்டால் உறக்கத்திலும் ஒப்பிப்பேன். நாட்டியத்தைப் பற்றி ஒன்றும் அறியேன். ஆயினும் தமிழ்நாட்டின் மானம் என் கையில் இருப்பதாகத் தோன்றிவிட்டது. நல்ல வேளையாக 'மண்டியிடுதல்' என்ற சொல் நினைவுக்கு வந்தது. முழங்காலை மடக்கி அமர்வது மண்டி. பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால்களை வெளிப்புறம் அகட்டி, பாதி அமர்ந்த நிலையில் நிற்பது அரைமண்டி. குதிகால் உயர, முற்றிலும் தாழ்ந்து அமர்ந்தால் முழுமண்டி. பாதங்களைச் சேர்த்து நிமிர்ந்து நிற்பதைச் சமபாதம் என்பார்கள். சொன்னேன். அம்மையார் தலையசைத்தார். முதல் பரீட்சையில் தேறிவிட்டேன்.

இரண்டாவது பரீட்சையில் தோற்றேன். தட்டடவு என்பது தட்டுகிற அடவு என்று அவருக்கே விளங்கிவிட்டது. குழந்தைகள் தரையைத் தட்டும் ஓசை தெருமுனை வரை கேட்டதே! சில வாரங்கள் கழித்து 'நாட்டடவு' தொடங்கியது. "நாட்டு என்றால் என்ன?" என்றார் அம்மையார். நான் சற்றும் தயங்கவில்லை. நாட்டுச் சர்க்கரை, நாட்டு வைத்தியம், நாட்டு வாழைப்பழம் என்று எவ்வளவு கேட்டிருக்கிறோம்! "இது தேசியம், பெஹன்ஜி. சீமையிலிருந்து வந்ததன்று, நம் நாட்டுக்கே உரிய அடவு" என்று விளக்கினேன். அவர் பெரிதும் மகிழ்ந்து அதைத் தம் பேத்திக்கும் சொல்லி, பேத்தி அதை ஆசிரியையிடம் சொல்லி, ஆசிரியை சிரித்துக்கொண்டே தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்.

"மாமா, நாட்டு என்றால் நடுவது. காலை நீட்டிக் குதிகாலைத் தரையிலே நாட்டுகிறோம் அல்லவா, அதுதான் நாட்டடவு" என்றார்.

கொடிக்கம்பத்தை நாட்டுகிறோம், பந்தற்காலை நாட்டுகிறோம். அறுபத்தெட்டு வயது வரை தமிழ் பேசியும் படித்தும் வந்த எனக்கு இது தோன்றவில்லை. வெட்கத்தில் பிறந்த உறுதியோடு அன்றிரவே நூல்களைத் தேடத் தொடங்கினேன். அந்தத் தேட்டத்தில் கிடைத்தவற்றில் சிலவற்றை, என்னைப் போல் தாழ்வார நாற்காலியில் அமர்ந்திருக்கும் அன்பர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

பரதநாட்டியத்தில் காலும் கையும் உடலும் சேர்ந்து இயங்கும் அடிப்படை அலகு அடவு. அடைவு என்றும் எழுதுவர். எழுத்துக்கூட்டிச் சொல்லாவது போல் அடவுகள் கூடிக் கோர்வையாகும். கோர்வை என்பதும் பூக்கோத்தாற்போல் கோத்ததுதான். இந்த அடவுகளின் பெயர்களைப் பாருங்கள். பாதம் முழுவதும் படத் தட்டுவது தட்டடவு. குதிகாலை ஊன்றுவது நாட்டடவு. முன்பாதத்தில் எம்பிக் குதித்துப் பின் குதிகாலைப் பதிப்பது குதித்த மெட்டடவு. தட்டிவிட்டு மெட்டினால் தட்டி மெட்டு. தரையில் வழுக்கிச் செல்வது சறுக்கல். மண்டியிட்டு ஆடுவது மண்டி அடவு. பாணிக்குப் பாணி எண்ணிக்கையும் வேறு, பெயரும் சில இடங்களில் வேறு. ஆனால் எந்தப் பாணியிலும் இவை பெரும்பாலும் வீட்டிலும் வயலிலும் வழங்கும் வினைச்சொற்களே. தட்டு, நாட்டு, குதி, சறுக்கு! பண்டிதர் எவரும் உட்கார்ந்து ஆக்கிய கலைச்சொற்கள் அல்ல. கையில் கழியை வைத்துக்கொண்டு குழந்தைகளை ஆட்டுவித்தவர்கள், "தட்டு, இப்போது நாட்டு" என்று ஏவிய ஏவலே பெயராக நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது.

'விசாரு' என்று ஓர் அடவை என் பேத்தி ஆங்கில எழுத்தில் குறித்து வந்திருந்தாள். அது விசாரமோ விசாரணையோ என்று வடமொழி அகராதியில் இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் அது விசிறு. கையை விசிறி ஆடுவது. தெலுங்கில் விசரு என்றாலும் தமிழில் விசிறு என்றாலும் வீசுவதே பொருள். விசிறியை வீட்டில் வைத்துக்கொண்டு காற்றுக்கு அலைந்த கதையாயிற்று.

காலுக்குத் துணை சொல். 'தையா தை' என்றும் 'தையும் தத்த' என்றும் ஆசிரியை சொல்வதற்குச் சொற்கட்டு என்று பெயர். மரப்பலகையில் தட்டுக்கழியால் தாளம் தட்டியபடியே அவர் சொல்வார். மேடையில் கழிக்குப் பதில் ஒரு ஜோடித் தாளம்; அதில் ஒன்று இரும்பு, மற்றது வெண்கலம் அல்லது பித்தளை. இரண்டு உலோகமும் மோதும்போதுதான் அந்தக் கணீரென்ற ஓசை எழும். இவ்வாறு ஆட்டத்தை நடத்திச் செல்லும் வேலை நட்டுவாங்கம், நடத்துபவர் நட்டுவனார். பழைய சொல் இது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்திய செய்தியைச் சொல்லும் கல்வெட்டிலேயே நட்டுவம் செய்வோருக்கு அளித்த பங்கும் சொல்லப்படுகிறது. ஆயிரம் ஆண்டாக ஓர் உத்தியோகப் பெயர் மாறாமல் இருக்கிறது. என் இலாகாவில் பத்து ஆண்டுக்கொரு முறை பெயர்ப்பலகையை மாற்றினார்கள்.

சொற்கட்டுகள் பொருளற்ற ஒலிகள் என்பார்கள். பொருளில்லாவிட்டால் என்ன, நம் பேச்சிலே புகுந்து அவை பொருள் தேடிக்கொண்டன. மாதக் கடைசியில் கைச்செலவுக்குத் ததிங்கிணத்தோம் போடாத குடும்பஸ்தர் நம் சங்கத்தில் உண்டா? சோற்றுக்குத் தாளம் போடுகிறான் என்கிறோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மற்றவரை இடித்துரைக்கிறோம். 'ததிங்கிணதொம்' என்பது உண்மையில் ஐந்து அட்சரம் கொண்டு, ஆட்டத்தின் ஒரு பகுதியை முடித்து வைக்கும் சொல். மாதக் கடைசியில் அது நம்மை நாடி வருவது பொருத்தந்தான்.

இனி ஜதி. இதிலே ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். ஜதி வேறு, ஜாதி வேறு. சொற்கட்டுகளைத் தாளத்தில் அடக்கித் தொடுத்தது ஜதி. ஜாதி என்பது எண்ணிக்கை வகை. மூன்று திஸ்ரம், நான்கு சதுஸ்ரம், ஐந்து கண்டம், ஏழு மிஸ்ரம், ஒன்பது சங்கீர்ணம். தகிட என்றால் மூன்று. தகதிமி என்றால் நான்கு. இரண்டையும் தக்கபடி கூட்டி மற்றவற்றைச் செய்துகொள்ளலாம். தக தகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு. கணக்கிலாகாக்காரனுக்கு இது மட்டும் உடனே விளங்கிவிட்டது.

என் மனைவிக்கு விளங்கவில்லை. ஒரு நாள் மாலை ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். நான் வெளியே போயிருந்தேன். "மாமி, மற்றதெல்லாம் குழந்தைக்கு நன்றாக வருகிறது, கண்டத்தில்தான் சிறிது கஷ்டம்" என்று சொல்லியிருக்கிறார். நான் வீடு திரும்பியபோது பூஜையறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேத்தியின் ஜாதகம் எடுக்கப்பட்டு, மயிலாப்பூரிலுள்ள மைத்துனருக்கு அதன் படம் கைப்பேசி வழியே அனுப்பப்பட்டு, மிருத்யுஞ்ஜய ஜபத்துக்கு நாளும் பார்த்தாகியிருந்தது. "எந்த வயதிலே கண்டம் என்று அவள் சொல்லவில்லையே!" என்று கண்ணீர் விட்டாள். ஐந்தாம் எண்ணில் குழந்தை ஒரு தட்டு பின்தங்குகிறாள் என்பதை அவளுக்குப் புரியவைக்க இரவு பத்து மணியாயிற்று. ஜபத்தை மட்டும் அவள் விடவில்லை. நடந்தது நல்லதுதானே என்றாள்.

கண்டம் தீர்ந்த மறுவாரம் 'பாவம்' வந்தது. "உங்கள் பேத்திக்கு அங்கசுத்தம் இருக்கிறது; பாவம் போதாது" என்றார் ஆசிரியை. ஏழு வயதுக் குழந்தைக்குப் பாவம் போதவில்லை என்றால் நான் மகிழ வேண்டுமா, வருந்த வேண்டுமா? தமிழ் எழுத்தில் செய்த பாவமும், ஐயோ பாவமும், முகத்தில் காட்டும் பாவமும் ஒன்றாகவே இருக்கின்றன. மூன்றாவது பாவத்துக்கு நம்மிடம் மெய்ப்பாடு என்ற அருமையான சொல் இருக்கிறது. உள்ளத்தில் எழுவது மெய்யில், அதாவது உடம்பில், படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாகத் தொல்காப்பியம் பகுத்திருக்கிறது. வடநூலார் ரசம் என்று சொல்லும் எட்டோடு இவை ஏறத்தாழ ஒத்துப் போகும். பின்னால் வந்தவர்கள் சாந்தத்தையும் சேர்த்து ஒன்பதாக்கினர். பொருளைக் கருதாமல் தாளத்துக்கு மட்டும் ஆடினால் நிருத்தம். பாட்டின் பொருளை முகத்தாலும் கையாலும் எடுத்துக்காட்டினால் அபிநயம்.

கையைப் பற்றித்தான் எனக்கு அதிக அச்சம் இருந்தது. கால் தமிழ் பேசுகிறதென்றால் கை வடமொழி பேசுகிறது. அபிநயதர்ப்பணம் என்ற வடநூல் ஒற்றைக்கை முத்திரைகள் 28 என்று வரிசைப்படுத்துகிறது. குழந்தைகள் அதைச் சுலோகமாகவே ஒப்பிக்கிறார்கள். பதாகம், திரிபதாகம், அர்த்தபதாகம், கர்த்தரீமுகம் என்று தொடங்கி அது ஓடும். முத்திரை என்றவுடன் பஞ்சாபி அம்மையார், "பணமா?" என்று கேட்டார். ஹிந்தியில் முத்ரா என்றால் நாணயமும்தான். "ஆமாம் பெஹன்ஜி, மாதச் சம்பளம் கட்டும்போது அதுவுந்தான்" என்றேன்.

இந்த வடமொழிப் பெயர்களைக் கண்டு மலைத்திருந்தபோது சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையைப் புரட்டினேன். அரங்கேற்று காதைக்கு உரை சொல்லும் இடத்தில் அவர் ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15 என்று தொகை கூறி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விளக்குகிறார். ஒற்றைக்குப் பிண்டி என்றும் இரட்டைக்குப் பிணையல் என்றும் பெயர். அங்கே அர்த்தசந்திரன் இளம்பிறையாக இருக்கிறான். மிருகசீர்ஷம் மான்தலையாக இருக்கிறது. கர்த்தரீமுகமோ கத்தரிகை! கத்தரிக்கோலைப் போல் இரண்டு விரலை விரித்தால் கத்தரிகை. இதற்கு அகராதி எதற்கு? பதாகை, முட்டி, வலம்புரி என்று போகிறது பட்டியல். இரு மரபும் கொண்டும் கொடுத்தும் வளர்ந்தவை என்பது பெயர்களிலேயே தெரிகிறது. எது முந்தியது என்ற வழக்கை நான் தொடப் போவதில்லை. அன்று மாலை பேத்தியைக் கூப்பிட்டு, "மிருகசீர்ஷம் பிடி" என்றேன். பிடித்தாள். "அது மான்தலை" என்றேன். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலும் கட்டைவிரலும் கொம்பாகி, மற்ற மூன்றும் முகமாகி நிற்பதை அதுவரை அவள் கவனிக்கவில்லை போலும்.

பாட்டுக்கு வந்தால் மூன்றாவது மொழி வருகிறது. நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட தஞ்சையில் இசைக்குத் தெலுங்கே பெரிதும் மொழியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த அரசவையில் விளங்கிய சகோதரர் நால்வர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. கச்சேரியில் இன்றும் நாம் காணும் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் அவர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா. அலாரிப்பு என்பதை அலர்தலோடு சேர்த்து, உடல் மொட்டு அவிழ்வது என்று பொருள் சொல்வார்கள். வர்ணத்துக்கும் சுவருக்கு அடிக்கும் வர்ணத்துக்கும் சம்பந்தமில்லை. ஆடுபவளுக்கு மூச்சு, தாளம், மெய்ப்பாடு மூன்றும் இருக்கின்றனவா என்று அரை மணிக்கு மேல் சோதிக்கும் பெரும்பரீட்சை அது. ஜாவளி என்பது என் காதில் முதலில் ஜவுளி என்றே விழுந்தது. காதலை எளிதாகவும் சற்றுத் துடுக்காகவும் பேசும் சிறு பாட்டு ஜாவளி. பதம் அப்படியன்று. மெதுவாக, ஒரே வரியைப் பல விதமாகக் கனியவைத்து ஆட வேண்டும். தெலுங்கில் க்ஷேத்ரக்ஞர் பதங்கள் உண்டென்றால் தமிழில் முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, கனம் கிருஷ்ணையர் பதங்கள் உண்டு. மைசூர்ப்பாகு கிளறும்போது என் மனைவி பதம் பார்த்து நிற்பாளே, அந்த நிதானம் இதற்கும் வேண்டும். சீக்கிரம் இறக்கினால் ஒட்டாது, தாமதித்தால் கல்லாகிவிடும்.

இந்த வரிசை ஏன் இப்படி என்பதைப் பாலசரஸ்வதி அம்மையார் 1975ஆம் ஆண்டு சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் கோயிலோடு ஒப்பிட்டு விளக்கினார். அலாரிப்புக் கோபுர வாயில். அங்கே தொடங்கி மண்டபம், பிராகாரம் என்று கடந்து சென்று, பதத்தில் கருவறையின் அமைதியை அடைகிறோம். ஆண்டு விழாவில் அலாரிப்பையும் ஜதிஸ்வரத்தையும் பார்த்துவிட்டுப் பதம் வந்ததும் காபி குடிக்க எழுந்து போகும் நம் அன்பர்கள், கோபுரத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நாற்பது ஆண்டு இருந்தவன்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் கணக்குச் சரியாகாது. இந்தச் சொற்களை நமக்குக் காத்துக் கொடுத்தவர்கள் யார்? என் பாட்டனார் காலத்தில் எங்கள் கிராமத்தில் இந்த ஆட்டத்துக்குச் சதிர் என்று பெயர். சின்ன மேளம் என்றும் சொல்வார்கள், நாகசுரம் பெரிய மேளம் ஆகையால். கல்யாணத்தில் சதிர் வைப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மறுநாள் காலை ஆடியவளையும் ஆட்டுவித்த நட்டுவனாரையும் இழிவாகப் பேசுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் சலங்கையைத் தொட்டதுகூட இல்லை. 1930களில் பரதநாட்டியம் என்ற பெயர் பரவி, 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தை நிறுவி, கலை புதிய வீடுகளுக்குள் நுழைந்தது. 1947இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பாவத்தில் ப, ராகத்தில் ர, தாளத்தில் த, ஆகவே பரதம் என்ற விளக்கத்தை மேடைதோறும் சொல்கிறோம், கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் தட்டும் நாட்டும் மெட்டும் சறுக்கலும் பந்தநல்லூர், வழுவூர் போன்ற பழைய தஞ்சை ஜில்லாச் சிற்றூர்களில் நட்டுவனார்களும் அக்குலத்துப் பெண்களும் வாய்மொழியாகவே கைமாற்றிக் கொடுத்தவை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடந்தான் ருக்மிணி தேவியும் கற்றார். ஜனக்புரித் தாழ்வாரத்தில் நான் கேட்கும் 'நாட்டு' அந்த வழியாக வந்த 'நாட்டு'.

நிற்க. பொங்கல் விழாவின்போது எங்கள் வீட்டில் ஒரு நெருக்கடி. அதே விஜயதசமியில் வேறோர் இடத்தில் சேர்ந்த ஒரு குழந்தை, நம் சங்க மேடையில் சினிமாப் பாட்டுக்குப் பளபளவென்று ஆடிக் கைதட்டல் வாங்கியது. என் பேத்தியோ பார்வையாளர் வரிசையில். மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. "மூன்று மாதமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறாள், அப்பா. ஒரு பாட்டாவது உண்டா? வேறிடத்தில் சேர்த்துவிடலாம்" என்றாள். நான் புதிதாகப் படித்த செருக்கில், மாதவியே ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில்தான் அரங்கேறினாள் என்றும், அதன் பிறகே தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள் என்றும் எடுத்துரைத்தேன்.

"மாதவிக்குக் கணக்குப் பரீட்சை இருந்ததா, அப்பா?" என்று கேட்டாள் மருமகள்.

பதில் சொல்ல இயலவில்லை. அவள் கவலையும் பொய்யன்று. வகுப்புச் சம்பளம், வண்டிச் செலவு, இவற்றுக்குமேல் அரங்கேற்றம் என்று ஒன்று காத்திருக்கிறது. மண்டப வாடகை, பக்கவாத்தியம், பட்டு, நகை, விருந்து என்று அது கல்யாணத்தில் பாதி ஆகிவிடுகிறது. அடவிலே தொடங்கி அடகிலே முடிவதுதான் அரங்கேற்றம் என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். அரங்கில் ஏறுவது என்பதுதான் அச்சொல்லின் பொருள். விருந்து பற்றி அதில் ஒன்றுமில்லை. அதற்கு முன் சலங்கை பூஜை என்ற சிறு சடங்கு உண்டு. அதுவரை குழந்தையின் காலில் சலங்கை ஏறாது. வெறுங்காலின் ஓசை சரியாக விழுகிறதா என்று ஆசிரியை கேட்க வேண்டுமே! சலங்கை பல பிழைகளை மூடிவிடும்.

மருமகள் முடிவைத் தள்ளி வைத்தாள். பிப்ரவரியில் குளிர் தணிந்ததும் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைக்கத் தொட்டி தயார் செய்தேன். என் பேத்தியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாம் தமிழில் கேட்டால் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஹிந்தியில் வரும். நம் குழந்தைகள் பலர் வீட்டிலும் இதே கதைதான். அதட்டிப் பார்த்தோம், மிட்டாய் கொடுத்தும் பார்த்தோம். பிறகு விட்டுவிட்டோம். அன்று அவள் பக்கத்தில் குந்தியிருந்தாள். நான் கன்றைக் குழியில் அரைகுறையாக வைத்துவிட்டு மேல்மண்ணைக் கையால் தட்டத் தொடங்கினேன். கன்று சாய்ந்தது.

"இப்போ தட்டாதே, தாத்தா. முதல்லே நாட்டு. நாட்டிட்டுத் தட்டு" என்றாள் பேத்தி.

அவள் அதை வெகு சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் பிஞ்சுக் கையாலேயே கன்றை நிமிர்த்திப் பிடித்தாள். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற மருமகள் எங்களைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். வகுப்பை மாற்றும் பேச்சு அதற்குப் பின் எழவில்லை. அந்தச் சொற்களை அகராதியிலே அலைந்து கண்டுபிடித்த நானே கன்றைச் சரியாக நாட்டவில்லை. குதிகாலால் நாட்டிப் பழகியவளுக்குக் கைக்கும் அது வந்துவிட்டது.

இப்போது குழந்தைகள் தீர்மானம் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள். சென்ற வியாழனன்று பஞ்சாபி அம்மையார் வழக்கம்போல் திரும்பி, "பாயி சாஹிப், தீர்மானம் என்றால்?" என்றார். நம் சங்கச் செயற்குழுவில் இருபது ஆண்டு இருந்தவனிடம் இந்தக் கேள்வியா! ஆனால் நான் அவசரப்படவில்லை. நாட்டியத்தில் தீர்மானம் என்பது ஒரு பகுதியைத் தாளக் கட்டோடு முடித்து வைக்கும் சொற்கோவை. பெரும்பாலும் முடிப்பை மூன்று முறை ஆடினால் அங்கே காரியம் தீர்ந்துவிடும். நம் சங்கத்தில் மூன்று முறை ஒத்திவைத்தாலும் தீருவதில்லை. இந்த வேற்றுமையை ஹிந்தியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.